பட்டியலில் ஏறாத சொல்

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலை அமெரிக்கப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகள் நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வருகின்றன. நிறவெறி என்னும் சமூகச் சிக்கலையும் உயர்தரச் சொற்களையும் ஒருசேரக் கற்பிக்க ஏற்றது என்பது ஆசிரியர்களின் எண்ணம். அத்தியாயந்தோறும் அருஞ்சொற்பட்டியல் வழங்குவதும் வழக்கம். அந்தப் பட்டியலில்தான் நமக்கு உடன்பாடில்லை.

கதை நிகழ்வது 1930களின் அலபாமாவில். வெள்ளைப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன் கூண்டில் நிற்கிறார். கூலியின்றி அவளுக்கு ஏன் வேலை செய்தாய் என்று துருவுகிறார் அரசு வழக்கறிஞர். அவள்மீது இரக்கப்பட்டதாக டாம் கூறுகிறார். அவருக்குப் பகையாவது அந்த விடையே. கறுப்பர் வெள்ளையர்மீது இரங்குவதா? இரங்குபவர் மேல், இரங்கப்படுபவர் கீழ் என்ற வரிசையை அச்சொல் தலைகீழாக்கிவிடுகிறது. வழக்கறிஞர் அதைப் பற்றிக்கொள்வதும் அதனால்தான். ஆனால் இரக்கம் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல் அன்றோ! அருஞ்சொல் தேடும் மாணவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவார்.

நாவல் முழுவதையும் சொல்பவள் ஸ்கவுட் என்னும் வெள்ளைச் சிறுமி. டாமின் உள்ளம் நமக்குச் சற்றே திறப்பது இத்தகைய ஓரிரு எளிய சொற்களில் மட்டுமே.