'டூஸ்': ஒரு சொல்லின் மூன்று முகங்கள்

அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டுவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஒரே சொல் நாடு மாறும்போது குணமும் மாறும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 'உபன்யாஸ்' என்றால் இந்தியில் நாவல். நமக்கோ உபந்நியாசம் என்பது சமயச் சொற்பொழிவு. வடபுலத்தில் வாழும் நம்மவர் நன்கறிந்த உண்மை இது. மேலைமொழிகளிலும் இத்தகைய புதிர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று 'டூஸ்' என்னும் சொல்.

இதன் வேர், இனிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல். பிரெஞ்சில் ஆண்பாலில் 'டூ' என்றும் பெண்பாலில் 'டூஸ்' என்றும் வழங்கும். இனிப்பு, மென்மை, இதம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். உப்புநீருக்கு மாறான நன்னீரையும் அம்மொழியினர் இச்சொல்லாலேயே சுட்டுவர். 'ரோலண்டின் பாடல்' என்னும் பழைய வீரகாவியத்தில் பிரான்சு நாட்டுக்கு அடைமொழியாக வருவதும் இதுவே.

ஆங்கிலத்தில் இச்சொல் இடைக்காலத்தில் 'இனிய' என்ற பொருளில் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்தது. ஆயினும் இதன் உறவான 'டூசர்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்து அங்கே தங்கிற்று. பிரெஞ்சில் அது இனிமை. ஆங்கிலத்திலோ ஒருவரை இணங்கவைக்க நாசூக்காகக் கொடுக்கும் பணம். வெளிப்படையாகச் சொன்னால் கையூட்டு! கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இந்தப் பொருள் மாற்றம் வியப்பளிக்காது.

ஸ்காட்லாந்து, 1295ஆம் ஆண்டிலேயே பிரான்சோடு நட்புடன்படிக்கை செய்துகொண்ட நாடு. அங்கும் இச்சொல் வேரூன்றியது. ஆனால் கனி வேறு. ஸ்காட்ஸ் மொழியில் 'டூஸ்' எனப்படுபவர் நிதானமும் கண்ணியமும் உடையவர். ஊரார் மதிக்க ஒழுகுபவர். மிகையான ஒழுங்கைப் பார்த்துப் புன்னகைக்கும் மெல்லிய ஏளனமும் சில வேளைகளில் அதில் ஒலிக்கும்.

இவ்வேறுபாட்டின் அருமையை, சர் வால்ட்டர் ஸ்காட் 1818இல் வெளியிட்ட 'மிட்லோதியனின் இதயம்' என்னும் நாவலில் காணலாம். அதில் வரும் டேவி டீன்ஸுக்கு வழங்கும் அடைமொழி 'டூஸ்'. அவர் இனிமையாகப் பேசுபவரா? அன்று. சமயக் கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடாத கண்டிப்பான கிழவர். வாதிடத் தொடங்கினால் ஓயாதவர். அவருடைய இளைய மகள் எஃபி சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறாள். கருவுற்றதை அவள் தன்னிடம் கூறியதாக மூத்தவள் ஜீனி ஒரு பொய் சொன்னால் போதும்; தங்கையின் தலை தப்பும். ஜீனி அப்பொய்யைச் சொல்ல மறுக்கிறாள். பின்னர் அரசியிடம் மன்னிப்பு வேண்டிக் கால்நடையாகவே லண்டனுக்குப் புறப்படுகிறாள்.

டேவியை 'இனியவர்' என்று தமிழாக்கினால் இக்கதையின் அடித்தளமே சரிந்துவிடும். இனிமையே உருவான தந்தையின் மகள், தங்கைக்காக ஒரு பொய் சொல்லத் தயங்குவானேன் என்று வாசகர் திகைப்பர். அக்கண்டிப்பான இல்லத்தில் வளர்ந்தவள் என உணர்ந்தாலன்றோ அவள் பட்ட வேதனை நமக்குப் புலனாகும்! பிரெஞ்சு வாசகருக்கோ இடர் இன்னும் பெரிது. தம் சொல்லே அயல்நாட்டு உடையில் எதிர்வந்து நிற்க, பழைய உறவென்று நம்பி ஏமாந்துபோவார்.

தமிழில் எச்சொல் பொருந்தும்? 'சாந்தமானவர்' என்பது வாதப்பிரியரான டேவிக்கு ஒவ்வாது. 'அடக்கமானவர்' எனில், அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த நம் மரபில் அதன் நிறை தெரியும். ஆனால் ஏளனச் சாயல் வாராது. என் தேர்வு 'பெரிய மனிதர்' என்பதே. செல்வத்தையும் சுட்டுவது இதன் குறை. எனினும் மதிப்பையும் மெல்லிய கேலியையும் ஒருசேரத் தாங்கும் ஆற்றல் இதற்கு உண்டு. ஊரார் வாயில் பிறந்த அடைமொழிக்கு ஊரார் வாயில் பிறந்த சொல்லே ஈடாகும். மொழிபெயர்க்க முனைவோர் அகராதியோடு அம்மக்களின் வாழ்வையும் சேர்த்துக் கற்பாராக!