ஏடும் எச்சிலும்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழில் ‘ஊர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ‘பெரியவர் ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால் அவர் குளுவாங்கிற்கோ சிகாமட்டிற்கோ போயிருக்கிறார் என்பது பொருளன்று. கப்பலேறித் தமிழகத்திற்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். கப்பல் போய் விமானம் வந்த பின்னரும் அச்சொல் அப்பொருளை விட்டுவிடவில்லை. எனினும் தலைமுறைதோறும் அதன் எல்லை விரிந்து, அதன் உருவம் மங்கியது. வந்தவருக்கு ஊர் என்பது குளக்கரையும் கோயிலும் உடைய ஒரு சிற்றூர். அவர் மகனுக்கு அது ஒரு தாலுகா. பேரனுக்குத் ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ அல்லது ‘சேலத்துப் பக்கம்’. அதற்கு அடுத்தவருக்கு வெறும் ‘இந்தியா’.

இவ்வாறு மங்கிப் போன ஊரைத் திரும்பக் காட்டுவதாக இன்று ஒரு புதிய பனுவல் வந்திருக்கிறது. சிறு குழாயில் எச்சிலைச் சேகரித்து வெளிநாட்டு ஆய்வகத்திற்கு அனுப்பினால், சில வாரங்களில் வந்து சேரும் டி.என்.ஏ. அறிக்கையே அது. அதனைப் பனுவல் என்பது வேடிக்கைக்காக அன்று. அதற்கு நடை உண்டு. வாசகரை ஈர்க்கும் உத்தி உண்டு. சொல்லும் பொருளும் சொல்லாது விடும் பொருளும் உண்டு. ஆகவே ஒரு நூலைத் திறனாய்வது போலவே அதனையும் திறனாயலாம். தமிழாசிரியர்க்கு அதற்குரிய கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதுவே சுவடிப் பதிப்புக் கலை.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார் என்பது மாணவர் அறிந்த செய்தி. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை செய்வர். ஒருவர் செய்த பிழையை அவரது ஏட்டைப் பார்த்து எழுதுவோரும் அவ்வாறே எழுதிச் செல்வர். எனவே இரண்டு ஏடுகளில் ஒரே அரிய பிழை ஒரே இடத்தில் காணப்படுமாயின், அவ்விரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து பிறந்தவை எனச் சுவடியியலார் துணிவர். மரபணு ஆய்வின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபுச் செய்தி படியெடுக்கப்படும்போது எங்கேனும் ஓர் எழுத்து மாறுகிறது. அம்மாற்றம் வழிவழியே செல்கிறது. ஒரே மாற்றங்களைத் தொடர்ச்சியாகக் கொண்ட நீண்ட பகுதிகள் இருவரிடம் ஒத்திருப்பின், அவர்களுக்குப் பொது மூதாதை ஒருவர் இருந்தார் எனலாம். பகுதி நீளமாக இருந்தால் உறவு அண்மையது, குறுகினால் தொலைவானது.

கணக்கும் எளிதே. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதி. பாட்டன் பாட்டியர் நால்வரிடமிருந்தும் சராசரியாக நூற்றுக்கு 25. உடன்பிறந்தோர் இருவரின் பிள்ளைகளிடையே பொதுவாக இருப்பது சராசரி நூற்றுக்கு 12.5, அவர்தம் பிள்ளைகளிடையே நூற்றுக்கு 3 சொச்சம். அதற்கும் அப்பால் ஒரு தலைமுறை சென்றால், உண்மையான உறவினர் இருவரிடையே ஒத்த பகுதி எதுவுமே தென்படாமற் போவதும் உண்டு. தேர்வில் உறவு தெரியவில்லை என்பதால் உறவே இல்லை என்று கொள்வது, ஓர் ஏட்டில் சிதைந்துபோன பாட்டை ஆசிரியர் பாடவேயில்லை என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் ஏட்டுக்கும் எச்சிலுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நல்ல ஏடு தன் இறுதியில் எழுதியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சொல்லி முடிக்கும். எச்சிலுக்கு அவ்வாறான இறுதிக் குறிப்பு இல்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் உறவு என்று அது சொல்லும். எந்த ஊரில் பிறந்த உறவு என்று சொல்லாது. ஊர்ப்பெயர் வேண்டுமெனில், ஒத்துவரும் மற்றோர் ஆள் தம் ஊரை அறிந்தவராக இருக்க வேண்டும். மேலைநாட்டார்க்கு இம்முறை பயன்படுவதன் காரணம் அவர்களில் பல இலட்சம் பேர் எச்சில் கொடுத்திருப்பதும், அவர்களிடம் தேவாலயப் பதிவேடுகளும் குடிமதிப்பேடுகளும் இருப்பதுமே. தமிழகத்துச் சிற்றூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தாத்தாவின் பேரன் எச்சில் கொடுத்திராதவரை, ஜொகூரில் இருப்பவரின் அறிக்கையில் அவர் எங்ஙனம் தோன்றுவார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஏட்டை எழுதுபவர் ஒன்றிற்கு இரண்டு மூல ஏடுகளைப் பார்த்துக் கலந்து எழுதினால், பதிப்பாசிரியர் திணறிப் போவார். எந்தப் பாடம் எந்த வழியில் வந்தது என்று பிரித்தறிய இயலாது. தமிழர் மணமுறை இத்தகைய கலப்பையே மரபணுவில் செய்திருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும், சில குடும்பங்களில் அக்காள் மகளையும் மணந்த மரபில், ஒரே மூதாதையின் செய்தி இருவழியாகவும் மூவழியாகவும் ஒருவரிடம் வந்து சேர்கிறது. அகமணம் இல்லாத மக்களை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்ட கணக்கு, இவர்களை உள்ளதைவிட நெருங்கிய உறவினராகக் காட்டும். நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்தவர் இரண்டு தலைமுறைக்கு முன் பிரிந்தவர் போலத் தோன்றுவர். இந்திய மக்களிடையே ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பெருங்கலப்பு நிகழ்ந்தது என்றும், பின்னர் அகமணம் இறுகியது என்றும் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அவ்விறுக்கத்தின் விளைவே இக்குழப்பம்.

அறிக்கையின் முதற்பக்கத்தில் வரும் விழுக்காட்டு வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியர் என்று அது சொல்வதை அறியப் பணம் செலவிட வேண்டா, கண்ணாடியே போதும். ஒப்பீட்டுக்குரிய மாதிரிகள் பெருகுந்தோறும் அவ்விழுக்காடுகள் மாறுகின்றன. மனிதர் மாறாதிருக்க, அவருடைய பூர்வீகம் ஆண்டுக்கொரு முறை திருத்திய பதிப்பாக வெளிவருகிறது.

தந்தைவழிக் குறியீட்டைக் கொண்டு பெருமிதம் கொள்வோரும் உளர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்சும், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற தொல்குடிகளின் தடமாகக் கருதப்படும் எம்130 என்னும் குறியீட்டை மதுரைக்கு அருகில் ஒரு சிற்றூரில் கண்டனர். 2002ஆம் ஆண்டையொட்டி இச்செய்தி நூலாகவும் படமாகவும் உலகறிந்தது. ஆய்வு சிறந்தது, அதனைக் கேட்டவர் சொன்னதுதான் சிறப்பன்று. உலகின் முதல் மனிதனே அங்குத் தோன்றினான் என்னும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு மூதாதையர் 1,024 இடங்களில் நிற்கின்றனர். தந்தைக்குத் தந்தையாகச் செல்லும் குறியீடு அவர்களுள் ஒரே ஒருவரைச் சுட்டுகிறது. எஞ்சிய 1,023 இடங்களையும் மறந்துவிட்டு அவ்வொருவரைக் குலமுதல்வராக்குவது அறிவியலன்று, பழைய குலப்பெருமைக்குப் புதிய சட்டை. தோட்ட லயங்களில் ஓரளவு தேய்ந்துபோன சாதி, ஆய்வகத்தின் வழியே திரும்பி வருமாயின் அது வருந்தத்தக்கது.

அறிக்கை பேசாத இடத்தில் மலேசியத் தமிழ் இலக்கியம் என்ன பேசியிருக்கிறது? வேரைத் தேடும் எழுத்துக்கு உலகறிந்த சான்று அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ என்னும் நூல். காம்பியாவிலுள்ள ஜுஃபூரே வரை தம் குடிவழியை அவர் கொண்டு சென்றார். அவர் காட்டிய ஆவணங்கள் அக்குடிவழியைத் தாங்கவில்லை என்று குடிவழி ஆய்வாளர் பின்னர் மறுத்தனர். ஆவணமாகத் தளர்ந்த அந்நூல் ஒரு மக்களின் ஏக்கமாக நிலைத்துவிட்டது. மலேசியாவில் அத்தகைய திரும்பிச் செல்லும் நூல் தமிழில் அருகியே காணப்படுகிறது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தமிழகத்திலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் இம்மண்ணின் துயரைப் பார்த்த பார்வை. கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’, பெயரில் திரும்புதலைக் கொண்டிருந்தும், உள்ளே இங்கு வேரூன்ற முயல்வதன் வலியையே பேசுகிறது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களோ வேறொரு பணியைச் செய்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழரை அவை நினைவுகூர்ந்தன. காஞ்சனபுரியிலுள்ள நேச நாட்டுப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர் புதைக்கப்பட்டுள்ளனர். பெரும்பாலோர் கல்லில் பெயர் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. அமெரிக்க அரசு தன் போர்வீரர் எலும்புகளை உறவினரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு இன்றும் அடையாளம் கண்டு வருகிறது. அத்தகைய முயற்சி சயாம் தமிழருக்கும் கிட்டுமாயின், எச்சில் குழாய்க்கு அதனினும் உயர்ந்த பயன் இராது. அதுவரை அந்நாவல்களே அவர்களுக்குக் கல்.

பதிவேடு என்பதிலும் மலாயாத் தமிழர் ஏமாந்தவரே. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற 60,000க்கு மேற்பட்டோருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் குறித்த தனிச்சீட்டு உண்டு. நேட்டாலுக்குச் சென்றோருக்கும் கப்பற் பட்டியல் உண்டு. மலாயாவிலோ ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. பெரும்பாலோர் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டனர். கங்காணி தம் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே ஆள் சேர்ப்பார் என்பதால் ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்தார் திரண்டிருந்தனர். அவர் யாரை எங்கிருந்து அழைத்தார் என்பது பெரும்பாலும் அவருடைய நினைவிலேயே இருந்தது, அவரோடு போயிற்று.

பெயரமைப்பும் உதவுவதில்லை. மேலைநாட்டுக் குடிவழி ஆய்வு குடும்பப்பெயரைப் பற்றிக்கொண்டே நடக்கிறது. தமிழர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு; அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. ஆனால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உண்டு. ‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. இவ்வழக்கத்தை அறிந்தவர், ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயரைக் கொண்டு எழுதப்படாத ஒரு தலைமுறையை ஊகிக்க முடியும். எந்த நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் இவ்விலக்கணம் கற்பிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி, அறிக்கை அளவுக்கு மீறிப் பேசும் இடம் ஒன்றும் உண்டு. போர்க்காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், வறுமையாலும் சோதிட நம்பிக்கையாலும் கைவிடப்பட்ட சீனப் பெண்குழந்தைகளை இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்கள் தமிழ் பேசி, தமிழரை மணந்து, தமிழ்ப் பாட்டிகளாக மறைந்தனர். அவர்களுள் ஒருவரின் பேத்தி எச்சில் அனுப்பினால் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு சீனம் என்று விடை வரும். குடும்பம் காத்துவந்த மௌனம் ஒரு நாளில் உடையும். விடை பொய்யன்று, அதனை மட்டும் வாசிப்பவர்தாம் பிழைபடுவார். ஆண்டாளைத் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த பெரியாழ்வாரை அவள் தந்தை என்று சொல்வதில் தமிழ் மரபு ஒருபோதும் தயங்கியதில்லை.

விலையையும் கருத வேண்டும். 23அண்ட்மி என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரின் மரபுச் செய்தி ஏலப்பொருளுள் ஒன்றாக நின்றது. ஒருவர் கொடுக்கும் எச்சில் அவருடைய அண்ணன் தம்பிக்கும் பிறவாத பேரருக்கும் உரியதாகும். அவர்களைக் கேட்டு எவரும் கொடுப்பதில்லை.

இவ்வளவு குறை இருந்தும் இம்முறையைத் தள்ளிவிடல் தகாது. அது மிக நன்றாகப் பயன்படக்கூடிய பிரிவு ஒன்று அண்மைக் காலத்ததே. 1969ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தொடர்ந்து குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை உரிமச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். தாள் உள்ள அண்ணன் இங்கே நிற்க, தாள் இல்லாத தம்பி கப்பலேறிய குடும்பங்கள் ஜொகூரிலும் உண்டு. சில ஆண்டு கடிதம் வந்தது. தோட்டம் விற்கப்பட்டு முகவரி மாறியதும் அதுவும் நின்றது. அவ்விருவரின் பேரப்பிள்ளைகள் இன்று எச்சில் கொடுத்தால், அவர்களிடையே பொதுவாக உள்ள பங்கு நூற்றுக்கு 3க்கு மேல். அகமணம் குழப்பினாலும் தவறவிட முடியாத அளவு அது.

அதற்கும் இருமருங்கிலும் ஆள் வேண்டும். இறுதிக் குறிப்பு வேண்டும். அக்குறிப்பு இன்னும் சில முதியோரிடம் இருக்கிறது. குலதெய்வத்தின் பெயர், அது குடியிருக்கும் ஏரிக்கரை, இறங்க வேண்டிய தொடர்வண்டி நிலையம், அழைத்து வந்த கங்காணியின் பெயர் ஆகியவை அவர்கள் சொல்லக்கூடியவை. கூலாயிலும் லாபிசிலும் உள்ள தமிழ்ப்பள்ளி மாணவர் வீட்டுப் பெரியோரிடம் இந்நான்கினையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதற்கு ஒரு வார விடுமுறை போதும்.