பெல்ட்டும் மாஸ்டரும்

டேக்வாண்டோவின் பெரிய பலம் அதன் படிவரிசை. மஞ்சள், கிரீன், கிரீன் ஒன், புளூ என்று ரெட் ஒன் வரை ஏறி பிளாக் பெல்ட் வாங்குபவருக்கு, 1972இல் சியோலில் எழுந்த டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனின் சான்றிதழ் கிடைக்க வழியுண்டு. ஆரணி மாணவிக்குக் கிடைத்தாலும் கொரிய மாணவிக்குக் கிடைத்தாலும் அதற்கு ஒரே மதிப்புதான். நம் சிலம்ப ஆசான்களோ தலைமுறை தலைமுறையாக இப்படி ஒரு காகிதம் இல்லாமல்தான் கற்றுக்கொடுத்தார்கள். 1970களின் நடுவில் ஜிம்மி ஜக்தியானி இந்தியாவுக்குக் கொண்டுவந்த டேக்வாண்டோ சிறு ஊர்கள்வரை பரவியதில் இந்தப் படிவரிசைக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் மாஸ்டரின் பிழைப்பும் அதிலேயே மாட்டிக்கொண்டது. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநருக்குச் சம்பளம் உண்டு. மாலையில் வரும் டேக்வாண்டோ மாஸ்டருக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணமும் பெல்ட் டெஸ்ட் பணமும்தான். டெஸ்ட் நாளில் ஒரு மாணவி டோல்யோ சாகி என்ற சுழல் உதையை உதைக்கிறாள். உயரம் சரி, சத்தமும் சரி. ஊன்றிய காலின் குதிகால் மட்டும் திரும்பவில்லை. முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. மாஸ்டர் கண்ணில் அது படாமல் போகாது. நிறுத்திவைத்தால் அவள் வகுப்பை விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறார். பின்னால் அந்த முழங்கால் வலிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஏற்பாடு அப்படி.

கூட்டமைப்புப் பூசல் வேறு. 1966இலும் 1973இலும் பிறந்த இரண்டு உலக அமைப்புகள் போதாதென்று இந்தியாவிலும் போட்டி அமைப்புகள். யாருடைய கையெழுத்து செல்லும் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மாணவருக்குத் தெரியவருகிறது. மாஸ்டர் ஊர் மாறினால் யார் எப்போது என்ன பெல்ட் வாங்கினார்கள் என்ற நோட்டும் அவரோடு போய்விடும். கல்லூரி கிளப்புக்கு வரலாறே மிஞ்சுவதில்லை.

இதற்கு மாற்று வழியும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு 1969இல் வந்த தற்காப்புக் கலை ஆசிரியர் கென் மின், தற்காப்புக் கலையைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் திட்டமாக்கினார். அவருக்குப் பின் ரஸல் ஆன் பொறுப்பேற்றார். ஆள் மாறியும் திட்டம் நின்றது. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே பொறியியல் கல்லூரி இருக்கிறது. பயிற்றுநருக்கு அங்கே சம்பளம் கொடுக்கட்டும். பதிவேடு உடற்கல்வித் துறையில் இருக்கட்டும். டெஸ்ட் எடுக்க வேறு கல்லூரி மாஸ்டர் வரட்டும். “இந்த முறை வேண்டாம்மா, குதிகாலைச் சரிபண்ணிட்டு வா” என்று அவரால் தயங்காமல் சொல்ல முடியும்.