ஆற்றாமையின் இரண்டு நாரைகள்

தனிமனிதத் துயரம் தமிழுக்கு 1933-இல் மணிக்கொடியோடு வந்ததாம். அதற்கு முன்னே இருந்ததெல்லாம் ஒப்பாரியும் பக்திக் கண்ணீரும்தானாம். இலக்கிய மேடைகளில் இந்தத் தீர்ப்பு இப்போது மறுப்பில்லாமல் கைதட்டு வாங்குகிறது. மௌனியைப் படித்த கிறக்கத்தில் ஓர் இளைஞர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். விமர்சகர்களும் சொல்லும்போது கொஞ்சம் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு பிறப்பிடம் வகுத்ததும், பாரிக்குப் பின் கபிலர் பாடிய கையறுநிலையும் வாசகர் அறிந்தவை. வள்ளுவர் பிரிவாற்றாமை, படர்மெலிந்திரங்கல், தனிப்படர் மிகுதி, பொழுதுகண்டிரங்கல் என்று அதிகாரம் அதிகாரமாகவே பிரித்தார். தான் மட்டும் ஏங்குகிறவளின் நோவும் மாலை வந்தால் கூடும் நோவும் அவருக்கு வேறு வேறு. இவ்வளவு இருந்தும், துயரம் ஒன்றிலிருந்து இன்னொன்றாக எப்படி மாறுகிறது என்று கேட்டவர்கள் பின்னால்தான் வந்தார்கள். அவர்கள் இருந்த ஊர் 13-ஆம் நூற்றாண்டு ஸ்ரீரங்கம்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்னே ஓர் அவதாரிகை: போன பதிகத்தில் அப்படி இருந்தவர் இதில் ஏன் இப்படி ஆனார்? முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழி நாரையை விளித்துத் தொடங்குகிறது. இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியும் நாரையைத்தான் விளிக்கிறது. முதல் நாரை தூது போக வேண்டியது. அனுப்புகிறவளிடம் இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது. இரண்டாவது நாரைக்கு வேலை எதுவும் இல்லை. அதுவும் தன்னைப் போலவே தூக்கம் கெட்டுக் கிடப்பதாகத் தலைவிக்குத் தோன்றுகிறது. கடல், காற்று, மேகம், நிலா, எரியும் விளக்கு எல்லாமே அவளுக்குக் கூட நோகிறவை. உதவி கேட்ட துயரம் துணை தேடும் துயரமாகிவிட்டது. இந்தப் படியிறக்கத்தைக் கண்டு சொன்னவர்களைச் சமய உரைகாரர் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்!

ஏழாம் பத்தில் இன்னும் ஒரு படி கீழே. முதல் திருவாய்மொழியில் ஐம்புலன்களின் வாதை தாங்காமல் ஆழ்வார் தானே கதறுகிறார். அடுத்ததில் பேசுகிறவள் தாய்; அரங்கனிடமே மகளுக்காக நியாயம் கேட்கிறாள். மகளுக்குப் பேசவும் தெம்பில்லாத கட்டத்தில்தான் தாய் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இதை ஆசார்ய ஹ்ருதயத்தில் விதியாகவே வகுத்தார்: அறிவு முன்னிற்கையில் ஆழ்வாருக்குத் தம் குரல், காதல் கரை மீறுகையில் பெண் குரல். கதைசொல்லியின் குரல் பற்றி இன்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் எத்தனை பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

உரைகாரர்களிடம் குறையும் உண்டு. எந்தக் கண்ணீரையும் அவர்கள் கடைசியில் அரங்கன் காலடிக்கே வாய்க்கால் வெட்டி விடுகிறார்கள். தொல்காப்பியர் சொன்ன வறுமைக்கு அங்கே இடம் ஒடுக்கம். அதற்குத் துறையூர் சாலையில் திருவெள்ளறைக்குப் போக வேண்டும். பல்லவ தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் அங்கே ஸ்வஸ்திக வடிவில் ஒரு பெருங்கிணறு வெட்டினான். அதன் கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டு. நிலையாத உலகின் மேல் ஆசை வைத்து நைந்துகொண்டிராதே, முதுமை வந்து தளர்த்துமுன் உண்டது போக மிஞ்சியதை ஊரறிய அறத்தில் வை என்பது அதன் சாரம். நிலையாமையின் சோகம் அங்கே தண்ணீருக்கு வழி செய்திருக்கிறது. நம் இலக்கிய வரலாறுகள் அந்தக் கவிதையைக் கல்வெட்டியலிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டன.

உய்யக்கொண்டார் பிறந்ததும் அதே ஊர். நாதமுனிகள் யோகம் கற்றுத் தர முன்வந்தபோது, உலகமே பிணமாகக் கிடக்கையில் எனக்கு மட்டும் என்ன கல்யாணம் என்ற பொருளில் அவர் மறுத்ததாகக் குருபரம்பரை சொல்கிறது. குருகைக் காவலப்பன் யோகத்தைப் பெற்றுக்கொண்டார். இவர் பிரபந்தத்தை வாங்கி ஊருக்குச் சொல்லக் கிளம்பினார். அடுத்தவர் நிலையை எண்ணித் தன் இன்பத்தை விலக்கும் இந்தத் துக்கத்துக்கு நம் அழகியல் பட்டியலில் பெயரே இல்லை.

இப்போது மௌனி. ‘பிரபஞ்ச கான’த்தில் அவள் பாடாததால் உலகத்தின் இசையே குன்றிவிட்டதாக அவனுக்குப் படுகிறது. தன் நோவை வெளியெங்கும் காணும் இந்த மனம் இரண்டாவது நாரையைப் பார்த்த மனமேதான். மௌனி பழைய துயரத்தை உடைத்து வெளியேறியவர் என்று சொல்வது அவருக்கே இழைக்கும் அநியாயம். அவர் அதன் வாரிசு. பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து புகைமூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாரையை விட்டுவிட்டார்கள். அவர்கள் கதைகளில் சோகம் ஒரே சாம்பல் நிறத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தூதும் போவதில்லை, துணையும் தேடுவதில்லை, கிணறும் வெட்டுவதில்லை.

ஈட்டின் மணிப்பிரவாளம் புரியாது என்ற சாக்கும் செல்லாது. பு.ரா. புருஷோத்தம நாயுடு அதை முழுக்கத் தமிழாக்கி, சென்னைப் பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக வெளியிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. முதலிலிருந்து படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஏழாம் பத்தின் அவதாரிகைகளை மட்டுமாவது படித்துவிட்டு 1933 பற்றி மேடை ஏறட்டும்.