ஆன் ஹாதவேயின் இல்லம்: ஒரு கட்டடக்கலை நோக்கு

இங்கிலாந்தில், ஸ்ராற்போட் நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஷொட்டரி என்னும் சிற்றூர் உளது. சேக்சுபியரின் மனைவியாகிய ஆன் ஹாதவே வளர்ந்த இல்லம் அங்கேயே நிற்கின்றது. உலகம் அதனைக் 'குடில்' என வழங்குகின்றது. பன்னிரண்டு அறைகளும், ஒரு காலத்தில் 90 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் கொண்டிருந்த வேளாண் மனையைக் குடில் என்றல் பொருந்தாது. ஹியூலண்ட்ஸ் பண்ணை என்பதே அதன் பழம்பெயர். பெயரிற் புகுந்த பிழை காண்போர் கண்ணிலும் புகுந்துவிட்டது.

வீட்டின் தொன்மையான பகுதி 1463ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதன் சிறப்பு, படங்களிற் காணும் வைக்கோற் கூரையிலன்று. அக்கூரையைத் தாங்கும் முறையிலேயே உளது. இயல்பாக வளைந்த ஓக் மரங்களை இணையிணையாக எதிரெதிரே நிறுத்தி, அடி தாழ்ந்த கற்பீடத்திலும் நுனி முகட்டிலும் பொருந்துமாறு தச்சர் அமைத்தனர். தூணும் கைமரமும் ஈண்டு ஒன்றே. கூரையின் பாரம் இவ்வளைமரங்கள் வழியே நிலத்தை அடைதலின், சுவர்களுக்குச் சுமை சிறிது. அவை மரச் சட்டங்களுக்கிடையே வரிச்சுப் பின்னிக் களிமண் பூசிய அடைப்புக்களே. கற்பீடமோ நிலத்தின் ஈரம் ஏறி மரம் இற்றுப்போகாது காக்கின்றது. ஆணியை நாடாது, மரமுளையால் இறுக்கிய பொருத்துக்களைக் கொண்டே இத்துணை நூற்றாண்டு நின்றமை தச்சரின் மதிநுட்பத்துக்குச் சான்றாகும்.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கிடைத்த வளைமரத்தின் நீளமே வீட்டின் உயரத்தையும் அகலத்தையும் வரையறுக்கும். 1610இல் மனையைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டவன் ஆனின் உடன்பிறந்தானாகிய பார்த்தலோமியு. அந்நூற்றாண்டிற் சேர்க்கப்பட்ட பகுதி பழையதினும் உயர்ந்து நிற்கின்றது. தாழ்ந்ததும் உயர்ந்ததுமாகிய இரு கூரைகளின் கூட்டத்தை ஓவியர் அழகென்பர். அழகே, ஆயின் திட்டமிட்ட அழகன்று, குடும்பத்தின் செல்வம் பெருகப் பெருக வளர்ந்த அழகு.

ஆன் 1582இல் மணமுடித்தபோது இவ்வுயர்ந்த பகுதி இல்லை. இன்று மலர்த்தோட்டமாயுள்ள இடம் அன்று பண்ணை முற்றம். காதற் சோலையெனக் கண்டு மகிழ்வோர் பிற்காலத்தார் நட்ட செடிகளையே காண்கின்றனர்.

சேக்சுபியரின் புகழே இவ்வீட்டைக் காத்தது என்பதை மறுத்தலாகாது. 1892இல் சேக்சுபியர் பிறப்பிட அறக்கட்டளை இதனை வாங்கியதும், 1969இல் தீயாற் பெருஞ்சேதமுற்றபோது திருத்தியதும் அப்புகழ் கருதியே. ஆயினும் அப்புகழே கட்டடத்தை மறைக்கவுஞ் செய்தது. காதலர் இருந்த பலகையெனக் காட்டப்பட்ட ஆசனத்தைச் சூழ்ந்து நின்றோர் பலர். மேல்மாடியில் வளைமரம் முகட்டை நோக்கி ஏறுமிடத்தை அண்ணாந்து நோக்கியவர் சிலரே.