பரிசு பெற்ற தோட்டமும் பக்கத்துக் காடும்

இரண்டு ஏக்கர் நிலத்தில் ராகியை விட்டுத் தக்காளிக்கு மாறிக் கை நிறையப் பணம் கண்ட விவசாயிக்குச் சால்வை போர்த்துவதும், அவரைப் போலவே எல்லோரும் பயிரை மாற்றினால் கிராமத்தின் தரித்திரம் தீர்ந்துவிடும் என்று அதே மேடையில் உபதேசிப்பதும் சில ஆண்டுகளாக ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. விவசாயிகளின் வருமானத்தை 2022-க்குள் இரட்டிப்பாக்க வழி தேடிய தல்வாய் குழுவும் இந்த மார்க்கத்தை வற்புறுத்தியது.

தோட்டப் பயிர் ரொக்கத்தைக் கண்ணில் காட்டுகிறது, வீட்டாருக்கு ஓயாத வேலை தருகிறது, சொட்டுநீரில் கொஞ்சத் தண்ணீரைக் கொண்டே விளைகிறது. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால், பரிசு பெற்றவரின் ஆதாயம் எங்கிருந்து வந்தது? அவருடைய உழைப்பும் சாமர்த்தியமும் அதில் உண்டு. எனினும், சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அப்பயிரை வைக்கவில்லை என்பதே அதற்குப் பெரிய காரணம் என்று நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். அவரைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரரும், அடுத்த பட்டத்தில் ஊர் முழுவதும் நாற்று வாங்கி நட்டதும், அந்தக் காரணம் மறைந்து போகிறது. 2023 ஜூலையில் சில்லறைக் கடைகளில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, நட்ட 60, 70 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும் பயிராகையால், விலையைக் கண்டு நட்டவர்களின் காய் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவிந்து, செப்டம்பருக்குள் மகாராஷ்டிர மண்டிகளில் 5 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டதே, அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறென்ன வேண்டும்?

தர்மபுரிப் பக்கத்து மண்டியொன்றில், விடியும் நேரத்தில், ஒரு பெரியவரின் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே பெட்டிக் கணக்கு. அதன்கீழ் கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, முன்பணத்தில் பிடித்தம். கோட்டுக்குக் கீழே நின்ற தொகை, காய் பறித்த ஆட்களின் கூலிக்கே போதவில்லை. “ராகியா இருந்தா குதிர்ல கொட்டி வெச்சிருப்பேன், தம்பி. இதை எங்க வெக்கிறது?” என்றார்.

ராகி வயலில் ஊடே அவரையும் கடுகும் ஓரத்தில் ஆமணக்கும் விதைத்து, ஒன்று தவறினாலும் ஒன்று காக்கும் என்றிருந்த குடியானவரிடம் போய், அத்தனையையும் அகற்றி ஒரே பயிரை நடச் செய்து, அதற்குப் பல்வகைப் பயிர்ச் சாகுபடி என்று நாமகரணம் செய்வது எந்த நியாயம்? நாட்டின் நிலவுடைமைகளில் 86 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. ஒரு பட்டத்து நஷ்டத்தைத் தாங்கும் சக்தி அவர்களுக்கு இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் ராகி உண்டு, தக்காளி இல்லை. நிச்சயமுள்ளதைக் கைவிட்டு நிச்சயமற்றதைப் பிடிக்கச் சொல்கிறவர்கள் இதை மேடையில் சொல்வதே கிடையாது.

கேரளம் 2020-இல் 16 வகைக் காய்கறி, பழம், கிழங்குகளுக்கு உற்பத்திச் செலவின்மேல் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை நிர்ணயித்தது. அவ்விதம் விலையை எழுதிக் கொடுக்காமல் ஏழைக் குடியானவரை ராகியை விடச் சொல்வதைச் சூதாட்டத்துக்கு அழைப்பதென்றே நான் சொல்வேன். அடுத்த சால்வையை வாங்கி வைத்திருப்பவர்கள், அதைப் போர்த்தி மூன்று பட்டம் கழிந்தபின் அவ்வூருக்குத் திரும்பிப் போய், பரிசு பெற்றவரின் பக்கத்துக் காட்டுக்காரரிடம் மண்டிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.