பதினோராவது வாரத்துக்கு முன்

கர்ப்பகாலச் செயலிகள் என்று வழங்கும் கைபேசிச் செயலிகளுள் ஆங்கிலத்தில் அமைந்த சிலவற்றையும் தமிழில் அமைந்த சிலவற்றையும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்கு உறவாகவும் அயலாகவும் உள்ள கர்ப்பிணிப் பெண்களின் கைபேசிகளில் ஏற்றி, அவர்கள் அவற்றை வாசிக்கும்போது அருகிலிருந்து கவனித்து வந்தேன். குழந்தைக்குப் பெயர் தேடித் தருவது, சிசுவின் அசைவுகளை எண்ணிக் குறிப்பது முதலிய சௌகரியங்களைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. கருவிலிருக்கும் சிசுவுக்கும் தாய்க்கும் மறைந்திருக்கக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே தேடிப் பார்க்கும் ஸ்கிரீனிங் பரிசோதனைகளைப் பற்றி இச்செயலிகள் ஒரு தாய்க்கு எதைக் கற்பிக்கின்றன, எப்போது கற்பிக்கின்றன, அவ்வாறு கற்றதை அவள் இந்தக் கொழும்பு நகரத்தில் எங்ஙனம் உபயோகிக்க முடியும் என்பதே நான் ஆராய விரும்பிய விஷயம்.

பிலிப்ஸ் நிறுவனத்தாரின் பிரெக்னன்சி பிளஸ், 1997 முதல் இணையத்தில் இயங்கிவரும் பேபிசென்டர் ஆகியவற்றைப் போன்ற பெரிய செயலிகள், வாரத்துக்கு வாரம் சிசு வளரும் விதத்தைச் சித்திரங்களாலும் எளிய வசனங்களாலும் காட்டுகின்றன. முதற் பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண், தன் தாயிடமும் கேட்கக் கூச்சப்படும் காரியங்களை இவற்றில் தனிமையில் வாசித்து ஆறுதல் கொள்வதை நான் கண்ணாரக் கண்டேன். இது அற்ப உபகாரமன்று. வைத்திய நிபுணரைக் காணக் கூடம் நிறையப் பெண்கள் காத்திருக்க, ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்களே கிடைக்கும் தனியார் வைத்தியசாலைகளில், அந்தப் பெண் தன் சந்தேகங்களை ஓரளவாவது ஒழுங்குபடுத்திக்கொண்டு உள்ளே செல்வதற்கு இது துணைசெய்கிறது.

ஆயினும் ஸ்கிரீனிங் என்ற அத்தியாயத்துக்கு வரும்போது இவற்றின் குறை வெளிப்படுகிறது. டவுன் நோய்க்குறி முதலான குரோமோசோம் மாறுபாடுகளுக்குரிய முதற் பரிசோதனை, 11 வாரம் நிறைந்ததிலிருந்து 13 வாரமும் 6 நாளும் முடிவதற்குள் செய்யப்பட வேண்டியது. சிசுவின் கழுத்தின் பின்புறத்தில் தோலுக்கடியே தேங்கும் நீரின் தடிப்பை ஸ்கேனில் அளந்து, தாயின் இரத்தத்தில் உள்ள இரண்டு பொருள்களின் அளவையும் அவளுடைய வயதையும் அதனோடு சேர்த்துக் கணித்து, ஆபத்து இத்தனைக்கு ஒன்று என்று சொல்வதே இதன் முறை. கால எல்லை தாண்டினால் அந்த அளவை எடுத்துப் பயனில்லை. நான் பார்த்த செயலிகளுள் ஒன்று இவ்விஷயத்தைப் பன்னிரண்டாவது வாரத்துக் கட்டுரைகளின் அடியில், தொட்டில் விளம்பரத்துக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் கீழே வைத்திருந்தது. அவ்வாரத்தில் வாசித்து, கணவனோடு கலந்து பேசி, வைத்தியரைச் சந்திக்க நேரம் பெற்று, ஸ்கேனுக்கு வேறொரு நாள் குறிப்பதற்குள் காலம் கடந்துவிடும். எட்டாவது வாரத்திலேயே இதைச் சொல்லாத செயலி, மற்றெதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும், இந்தக் காரியத்தில் பிரயோஜனமற்றது என்பதே என் அபிப்பிராயம்.

எண்களின் விஷயம் இதைவிட வருத்தம் தருவது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண், பரிசோதனை முடிவைச் செயலியில் பதிந்தபின், 'அதிக ஆபத்து' என்று சிவந்த எழுத்தில் தோன்றிய வாசகத்தைக் காட்டி, “அன்ரி, 150இல ஒண்டெண்டால் என்ர பிள்ளைக்கு வருத்தம் இருக்கெண்டுதானே அர்த்தம்?” என்று நடுங்கும் குரலில் கேட்டாள். 150 தாய்மாருக்கு இதே முடிவு வந்தால் அவர்களுள் 149 பேரின் பிள்ளைகளுக்கு இந்த மாறுபாடு இராது என்று நான் விளக்கியபோது அவள் முகம் தெளிந்தது. செயலி அவ்வொரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கணக்கைச் சிறிது விரித்துப் பார்ப்போம். 10,000 கர்ப்பிணிகளில் 20 பேரின் சிசுக்களுக்கு டவுன் நோய்க்குறி உண்டு என்று வைத்துக்கொள்வோம். முற்கூறிய கூட்டுப் பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் கண்டுபிடிப்பது. மாறுபாடில்லாதவர்களுள்ளும் நூற்றுக்கு ஐவரை அது தவறாகச் சுட்டும். ஆகவே அந்த 20 பேரில் 18 பேரையும், அவர்களோடு எக்குறையுமற்ற பிள்ளையைச் சுமக்கும் சுமார் 500 பேரையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று விஞ்ஞானி டெனிஸ் லோ 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் பயனாக 2011 முதல் விற்பனைக்கு வந்த புதிய இரத்தப் பரிசோதனையோ, அந்த 20 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் கண்டுகொண்டு, வீணே கலங்கவைப்பது சுமார் 10 பேரை மட்டுமே. கொழும்பில் இது தனியாரிடத்தில், சாதாரணக் குடும்பத்துக்குப் பாரமான செலவில்தான் கிடைக்கிறது. இதன் முடிவும் நிச்சயமன்று. நிச்சயப்படுத்துவதற்குக் கருப்பையின் நீரையோ நஞ்சுக்கொடியின் இழையத்தையோ ஊசியால் எடுத்து ஆராய வேண்டும், அதில் கரு கலையும் அபாயம் சிறிதளவேனும் உண்டு. சந்தேகத்தை எழுப்பும் பரிசோதனை வேறு, தீர்மானிக்கும் பரிசோதனை வேறு என்ற இந்த ஓர் உண்மையை ஒரு பெண்ணின் மனத்தில் பதியவைத்துவிட்டால் செயலி தன் கடமையில் பெரும்பகுதியை நிறைவேற்றிவிட்டது எனலாம். நான் பார்த்தவற்றுள் அநேகம் இரண்டையும் ஒரே பந்தியில் கலந்தே பேசுகின்றன.

அடுத்து, இவை பிறந்த தேசத்தின் வைத்திய முறையையும் சட்டத்தையும் உடன் கொண்டுவருகின்றன. நமது அரசாங்கக் கிளினிக்கில் ஒரு கர்ப்பிணி பதிவு செய்யப்பட்டவுடன் எடுக்கப்படும் இரத்தத்தில் பார்க்கப்படுபவை இரத்த வகை, இரத்தச் சோகை, சீனி, மேகநோயைக் காட்டும் வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. என்பன. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்ததற்கு ஆதாரமாயிருந்தது, பெரிய இயந்திரங்களைவிட, இந்த எளிய இரத்தப் பரிசோதனையை நாடெங்கும் விடாமல் செய்துவந்த கிளினிக்குகளின் உழைப்பே. ஆனால் செயலியின் ஸ்கிரீனிங் பகுதியைத் திறந்தால் டவுன் நோய்க்குறியே முதலிடம் பெறுகிறது; வி.டி.ஆர்.எல். என்ற எழுத்துகளைத் தேடிக் காணாத ஒரு கொட்டாஞ்சேனைப் பெண், எச் 512 எனப்படும் தன் கர்ப்பகாலப் பதிவேட்டில் அவை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, தன்மீது ஏதோ விசேஷ சந்தேகம் கொண்டு அதை எடுத்தார்களோ என்று அஞ்சினாள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவானது இது என்ற செய்தி எவ்வளவு சிறியது, எவ்வளவு அவசியமானது!

சட்டத்தின் நிலையும் இவ்வாறே. முடிவு பாதகமானால் கர்ப்பத்தைத் தொடர்வதா, விடுவதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம் என வெளிநாட்டுச் செயலி சர்வசாதாரணமாக எழுதுகிறது. இலங்கையிலோ 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. உயிர்பிழைக்க இயலாத குறைபாடுள்ள கருவுக்கு விலக்களிக்க 2017இல் எடுக்கப்பட்ட முயற்சியும் சட்டமாகவில்லை. அப்படியானால் முன்னறிவதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இது: 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யப்படும் விரிவான ஸ்கேனில் இருதயக் குறை தெரிந்தால், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, பிறந்தவுடன் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை நிபுணர்களின் கவனத்துக்கு எவ்வாறு கொண்டுபோவது என்று வைத்தியர்கள் முன்கூட்டியே திட்டமிடலாம், தாய் தகப்பனும் மனத்தைத் தயார்செய்துகொள்ளலாம். அறிய வேண்டாம் என்று தீர்மானிக்கும் தாய்க்கும் அவ்வுரிமை பூரணமாக உண்டு. செயலி இவ்விரண்டு வழிகளையும் சமமாக எடுத்துரைக்க வேண்டும்; இங்கே எந்த வாசல் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ச் செயலிகள் இந்தக் குறையைப் போக்கும் என்று எதிர்பார்த்தேன். வசனம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அவை காட்டும் உதவித்தொகையும் பதிவு முறையும் தமிழ்நாட்டுக்குரியவை. கொழும்பின் ஜிந்துப்பிட்டியில் வீடு தேடி வரும் மிட்வைஃப் மிஸ்ஸை அவற்றுக்குத் தெரியாது. அத்துடன், கணவனின் பழைய கைபேசியை இரவில் மட்டும் வாங்கிப் பார்க்கும் பெண்ணுக்கு நீண்ட கட்டுரைகளைவிடக் குரலே உகந்தது. இந்திய அரசாங்கம் 2016இல் தொடங்கிய கில்காரி என்னும் சேவை, நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 குரற்செய்திகளைச் சாதாரணத் தொலைபேசிக்கே அனுப்பும்படி அமைந்தது. தென்னாபிரிக்க சுகாதார அமைச்சின் மொம்கனெக்ட், 2014 முதல் கிளினிக்கில் பதியும் தாய்மாருக்கு அந்நாட்டில் அப்போது அரசகரும பாஷைகளாயிருந்த 11 பாஷைகளிலும் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. தமிழும் சிங்களமும் அரசகரும பாஷைகளாக உள்ள நம் நாட்டில், வீடுதோறும் செல்லும் குடும்பநல ஊழியர் படையை ஏற்கெனவே வைத்திருக்கும் குடும்ப சுகாதாரப் பணியகம் இதைச் செய்வது அசாத்தியமான காரியமன்று.

நான் அறிந்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பெஸ்ட் பிகினிங்ஸ் என்ற பிரித்தானியத் தர்ம ஸ்தாபனம் 2014இல் வெளியிட்ட பேபி படி என்னும் செயலியின் ஒரு சிறு பகுதி. அடுத்த சந்திப்பில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாய் அவ்வப்போது குறித்து வைப்பதற்கு அதில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. போதிப்பதோடு நில்லாமல், கேட்கும் தைரியத்தையும் கொடுக்க முனைந்த ஏற்பாடு அது. அதைப் பின்பற்றி, வெள்ளவத்தைப் பெண்ணின் கைபேசியிலுள்ள சாதாரணக் குறிப்பேட்டிலேயே நாங்கள் கேள்விகளை எழுதி வைத்தோம்: இந்தப் பரிசோதனை ஐயத்தை எழுப்புவதா, முடிவாகச் சொல்வதா? முடிவு பாதகமாக வந்தால் அடுத்த படி என்ன, அதற்கு எவ்வளவு செலவாகும்? செய்யாவிட்டால் எதை இழப்பேன்? வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடையளித்தார்.

இலவசம் என்ற விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. பவுண்டி என்ற பிரித்தானியக் கர்ப்பகால நிறுவனம், 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை முறையற்றுப் பிறருக்குக் கொடுத்ததற்காக 2019இல் 4 இலட்சம் பவுண் அபராதத்துக்கு உள்ளானது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டெனினும், எச்.ஐ.வி. முடிவையோ ஸ்கேன் அறிக்கையையோ இத்தகைய செயலிகளில் பதிய வேண்டாம் என்றே நான் புத்தி சொல்வேன்.

செயலியை உபயோகிக்க விரும்புவோர் ஏற்றியவுடன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. கடைசி மாதவிலக்குத் திகதியைக் கொண்டே அது வாரங்களை எண்ணத் தொடங்குகிறது; அத்திகதி சரியாக நினைவில்லாதவர்களுக்கும் மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கும் இரண்டு மூன்று வாரங்கள் பிழைபட்டுப் போகலாம். முதல் ஸ்கேனில் வைத்தியர் கணித்துக் கொடுத்த பிரசவத் திகதியை எச் 512 பதிவேட்டிலிருந்து பார்த்து, அமைப்புப் பகுதியில் பழைய திகதியை நீக்கி அதைப் பதிந்துவிட வேண்டும். இல்லையேல் பதினோராவது வாரம் என்று செயலி அறிவிக்கும் நாளில் உண்மையில் பதினான்காவது வாரம் தொடங்கியிருக்கக்கூடும்.